புல்வெளிக்கு ஏற்ற பொறி



புல்லை வெட்டுவதற்கென்று ஒரு பொறியா என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நம் சிற்றூர்களில் புல் தழைத்த இடத்தில் பசுவைக் கட்டிவிடுவோம். அல்லது அரிவாளால் அறுத்து வந்து அந்தப் பசுவின் முன்னே போடுவோம். புல் நமக்குத் தீவனம். அதைக் கண்ணுக்கு அழகாக வளர்த்து, வளர்ந்தபின் வெட்டி, மீண்டும் வளர்த்து மீண்டும் வெட்டுகின்ற வேலையைப் பூங்காக்காரரும் விளையாட்டு மைதானக் காவலரும் அன்றி நம்மில் பலர் அறியோம். வட அமெரிக்கப் புறநகர்களிலோ அஃது ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரந்தோறும் வருகின்ற கடமை. வீடு வாங்குகிறவர் வீட்டோடு கால் ஏக்கரோ ஒரு முழு ஏக்கரோ புல்வெளியையும் வாங்கிவிடுகிறார். புல்லைக் குறித்த உயரத்துக்கு மேல் வளரவிட்டால் பல ஊர்களில் ஊராட்சியார் அபராதம் விதிப்பார்கள். அயலார் முகம் கோணுவது அதற்கும் முந்தி வரும்.

2023-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் நான் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு வடக்கே ஒரு புறநகரில், என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவர்கள் அந்த வீட்டுக்கு அப்போதுதான் குடிவந்திருந்தார்கள். மனையின் அளவு ஓர் ஏக்கர். நம் கணக்கில் நூறு சென்ட். ஏப்ரல் பிறந்து பனி விலகியதும் புல் ஓட்டமாக வளரத் தொடங்கிற்று. எந்தப் பொறியை வாங்குவது என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு அங்கே சிறிது வேலை கிடைத்தது. நீங்கள் வகுப்பில் படிக்கும் பரப்பளவும் கோணமும் புவியீர்ப்பு மையமும் ஒரு வீட்டின் முற்றத்தில் எப்படிப் பயன்பட்டன என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் இந்தப் பொறியின் பிறப்பைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தில் குளாஸ்டர்ஷயர் வட்டாரத்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்றது. நெய்த கம்பளியின் மேல் பிசிறாக நிற்கும் இழைகளைச் சமமாகக் கத்தரிக்க அங்குள்ள ஆலைகளில் உருளை ஒன்றில் அலகுகளைப் பொருத்திய பொறி இருந்தது. எட்வின் பட்டிங் என்ற பொறிவினைஞர் அதைக் கண்டு, கம்பளியின் மேல் ஓடுவது புல்லின் மேல் ஓடாதா என்று எண்ணினார். 1830-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுகாறும் பெருமாளிகைகளின் புற்றரைகளை நீண்ட பிடியுள்ள அரிவாளால், பனி உலராத விடியற்காலையில், கூலியாட்கள் வரிசையாக நின்று வெட்டினார்கள். ஈரப்புல்தான் அரிவாளுக்கு நன்றாக அகப்படும். பட்டிங்கின் பொறி 19 அங்குல அகலத்தை வெட்டியது. இரும்பு வார்ப்பு ஆகையால் கனம் மிகுதி. பின்னின்று ஒருவர் தள்ள, முன்னின்று மற்றொருவர் இழுக்க வேண்டியிருந்தது.

செல்வர் வீட்டுப் புற்றரை நடுத்தரக் குடும்பத்தின் முற்றத்துக்கு வந்தது பிற்காலத்தில். 1947-ஆம் ஆண்டு முதல் நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் எழுந்த லெவிட்டவுன் என்னும் குடியிருப்பில் ஆயிரக்கணக்கான சிறு வீடுகள் ஒரே அச்சில் கட்டப்பட்டன. அங்கே குடியேறியவர்கள் வளர்பருவத்தில் வாரம் ஒருமுறை புல்லை வெட்டியே தீரவேண்டும் என்ற நிபந்தனைகூட இருந்தது. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் 1952-இல் தம் வீட்டுக் கொட்டகையில் ஒரு பொறியை ஆக்கினார். பீச் பழம் அடைத்து விற்ற தகர டப்பாவே அதன் பெட்ரோல் தொட்டி! அதிலிருந்து தோன்றிய விக்டா என்ற பொறி அந்நாட்டில் வீட்டுக்கு வீடு பரவிற்று. விலை குறைந்து எடையும் குறைந்தபோதுதான் சாதாரண மனிதன் ஞாயிற்றுக்கிழமையில் தன் புல்லைத் தானே வெட்டத் தொடங்கினான்.

இனிப் பொறிகளுக்கு வருவோம். வெட்டும் முறையால் இவை இரண்டு வகை. ஒன்று பட்டிங் கண்ட உருளை வகை. சுழலும் அலகு ஒன்றும் நிலையான அலகு ஒன்றும் சேர்ந்து கத்தரிக்கோல் போல் புல்லைக் கத்தரிக்கும். வெட்டு மிகவும் சுத்தமாக இருக்கும். கிரிக்கெட் ஆடுகளத்திலும் கோல்ஃப் மைதானத்திலும் இன்றும் இதையே காணலாம். ஆனால் நிலம் சமமாகவும் புல் குட்டையாகவும் இருந்தால்தான் இது ஓடும். ஒரு சிறு குச்சி சிக்கினாலும் நின்றுவிடும்.

மற்றொன்று சுழல்தகட்டு வகை. மின்விசிறியின் இறகுபோல ஒரே தகடு தரைக்கு இணையாகச் சுழன்று, அரிவாள் வீசுவதுபோல் புல்லை அடித்து வெட்டும். தகட்டின் பின்விளிம்பு சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். அது காற்றை மேலே இழுத்துப் படுத்த புல்லை நிமிர்த்தும். வேகம் இல்லாமல் இந்த வெட்டு நடவாது. எவ்வளவு வேகம் என்று நீங்களே கணக்கிடலாம். 21 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது என்று கொள்ளுங்கள். ஒரு சுற்றில் அதன் நுனி ஏறத்தாழ ஐந்தரை அடி செல்லும். மணிக்கு எத்தனை என்று பெருக்கினால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வரும். நம்முடைய மிக விரைவான ரயில்வண்டியும் அந்த வேகத்துக்கு எட்டாது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஓஹையோவில் வளர்வன கென்டக்கி நீலப்புல், ஃபெஸ்க்யூ முதலிய குளிர்நாட்டுப் புற்கள். மூன்று அங்குல உயரத்தில் நிற்கவே அவை விரும்பும். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பது புல்வெளி வளர்ப்போரின் விதி. எடுத்தால் வேர் இளைக்கும். ஆகவே மே மாதத்தில் வாரம் ஒரு முறையேனும் வெட்டியாக வேண்டும். இத்தகைய புல்லுக்கு உருளை வகை உதவாது. சுழல்தகட்டு வகைதான் என்பது விரைவில் முடிவாயிற்று.

அடுத்த கேள்வி, நடந்து தள்ளும் பொறியா, அமர்ந்து ஓட்டும் பொறியா என்பது. அமர்ந்து ஓட்டுவது பார்வைக்குச் சிறிய டிராக்டர். 42 அங்குல அகலம் வெட்டும். விலை இரண்டாயிரம் டாலருக்கு மேல். தள்ளும் பொறி சில நூறு டாலர்களில் கிடைக்கும். என் மருமகன் டிராக்டரின் மேல் மனம் வைத்திருந்தார். "ஒரு ஏக்கரை யார் மாமா நடந்து வெட்டுவார்கள்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. வாரம் முழுவதும் உழைத்து வருகிறவருக்குச் சனிக்கிழமை அரிய பொருள் அன்றோ? "வாங்கலாம் மாப்பிள்ளை, அதற்கு முன் ஒரு முறை அளந்து பார்த்துவிடுவோமே" என்றேன்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது. மனை ஓர் ஏக்கர் என்பது தெரிந்தது. அதாவது 43,560 சதுர அடி. அதில் வீடு, வண்டிக் கொட்டகை, வண்டிப்பாதை, மரங்களின் அடி ஆகியவற்றை நாடா பிடித்து அளந்து கழித்தோம். எஞ்சிய புல்வெளி 32,000 சதுர அடி. ஏக்கர் என்ற சொல்லிலேயே நாலில் ஒரு பங்குக்கு மேல் காணாமற் போயிற்று!

மனிதன் மணிக்கு மூன்று மைல் நடப்பான், 15,840 அடி. பொறியின் அகலம் 21 அங்குலமாயின், அஃதாவது ஒன்றே முக்கால் அடியாயின், மணிக்கு 27,720 சதுர அடி வெட்டலாம். ஆனால் ஒரு வரிசையின் ஓரத்தின்மேல் அடுத்த வரிசை சிறிது ஏறவேண்டும், முனைகளில் திரும்பவேண்டும். அதற்காக ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினால் ஏறத்தாழ 22,000 நிற்கும். 32,000 சதுர அடிக்கு 87 நிமிடம். 42 அங்குல டிராக்டர் மணிக்கு நான்கு மைல் ஓடுமானால் இதே முறையில் 33 நிமிடம். மிச்சம் 54 நிமிடம். இரண்டாயிரம் டாலர் கொடுத்து வாங்குவது வாரத்தில் 54 நிமிடத்தை. அது மலிவா, விலையா என்பது அவரவர் தீர்மானிக்க வேண்டியது. நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் அளவு நாடா வேறு ஒன்றையும் சொல்லிற்று. முன்முற்றம் 10,000 சதுர அடி. எஞ்சியது முழுவதும் வீட்டின் பின்புறம். பின்புறத்தைச் சுற்றி மரவேலி. அதற்கு ஒரே ஒரு வாயில். அதன் அகலம் 36 அங்குலம்! 42 அங்குலப் பொறி அதன் வழியே நுழைவது எங்ஙனம்? வேலியைப் பெயர்த்து அகலமான கதவு இடலாம். செலவு டிராக்டரின் விலையோடு சேரும். கடைக்குச் செல்லுமுன் வாயிலை அளக்கவேண்டும் என்பது எளிய செய்தி. ஆயினும் விற்பனையாளர் எவரும் அதைக் கேட்பதில்லை.

வேலிக்குள்ளே, மனையின் கடைக்கோடியில், நிலம் ஓர் ஓடையை நோக்கிச் சரிந்தது. பரப்பில் 4,000 சதுர அடி இருக்கும். பார்வைக்கு மென்மையான சரிவு. கண் சரிவை எப்போதும் குறைத்தே மதிக்கும். எனவே பத்து அடிப் பலகை ஒன்றின் ஒரு முனையை மேட்டில் வைத்து, கொத்தனார் செய்வதுபோல ரசமட்டம் வைத்துப் பலகையைக் கிடைமட்டமாக நிறுத்தி, மறுமுனையிலிருந்து தரைவரை அளந்தோம். மூன்றரை அடி இருந்தது. பத்துக்கு மூன்றரை என்றால் டான்ஜென்ட் 0.35, கோணம் 19 பாகைக்குச் சற்று அதிகம். இத்தகைய பொறிகளின் கையேடுகள் பெரும்பாலும் 15 பாகையையே எல்லையாகச் சொல்கின்றன. அந்த எல்லையில் பத்தடிக்கு இரண்டு அடி எட்டு அங்குலத்துக்கு மேல் தாழக்கூடாது.

ஏன் இந்த எல்லை? இயற்பியல் படிப்பவர் அறிவீர்கள். ஒரு பொருளின் புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழே விடும் செங்குத்துக்கோடு அதன் அடித்தளத்துக்குள் விழும்வரை பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும். டிராக்டரின் மேல் மனிதன் அமர்ந்தவுடன் மையம் உயர்ந்துவிடுகிறது. சரிவில் குறுக்கே ஓட்டினால் கோடு கீழ்ப்புறச் சக்கரத்தை நெருங்குகிறது. ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கினாலோ சொல்லவேண்டியதில்லை. ஆகையால் அமர்ந்து ஓட்டும் பொறியைச் சரிவில் மேலும் கீழுமாகவே ஓட்டவேண்டும் என்பது விதி. தள்ளும் பொறிக்கு விதி நேர் எதிரானது; அதைக் குறுக்கேதான் தள்ளவேண்டும். மேலும் கீழுமாகத் தள்ளினால் கால் வழுக்கித் தகட்டின் அடியில் போகலாம். பொறி பின்னோக்கி நம்மேல் உருளலாம். ஒரே சரிவு, இரு பொறிகள், இரு விதிகள். இரண்டுக்கும் 19 பாகை ஒவ்வாது.

அந்த 4,000 சதுர அடியில் புல்லே வேண்டாம் என்றாள் என் மகள். வேரோடித் தரையைப் பற்றிக்கொள்ளும் செடிகளை அங்கே நட்டுவிட்டால் மழைநீரும் மண்ணை அரித்து ஓடைக்குக் கொண்டுபோகாது. படர்ந்து வளரும் ஜூனிப்பர் புதரும், ஆண்டுதோறும் தானே தழைக்கும் அல்லிச் செடிவகை ஒன்றும் அந்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கின்றன. நாங்கள் இவ்வளவு நேரம் எதைக்கொண்டு வெட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். எதை வெட்டாமல் விடலாம் என்று அவள்தான் கேட்டாள்.

புல்வெளி 28,000 சதுர அடியாகக் குறைந்தது. ஆயினும் டிராக்டர் ஆசை முற்றும் விட்டபாடில்லை. அதற்குக் காரணம் என் பேத்தி. அவளுக்கு அப்போது வயது ஐந்து. அடுத்த வீட்டுப் பெரியவர் தம் பேரனை மடியில் இருத்திக்கொண்டு டிராக்டரில் புல் வெட்டுவதை அவள் வேலிச் சந்து வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். "தாத்தா, நம்ம வண்டி எப்ப வரும்?" என்று நாள்தோறும் கேட்பாள். அவளை மடியில் வைத்து ஓட்டவேண்டும் என்று அவள் தகப்பனுக்கும் உள்ளூர ஆசை. அந்தப் பெரியவர் நல்ல மனிதர். எங்களுக்குப் பலவகையில் உதவினார். ஆயினும் அக்காட்சியை நான் ஒருநாளும் மனநிம்மதியோடு பார்த்ததில்லை.

மணிக்கு 300 கிலோமீட்டர் என்று முன்னர்ச் சொன்னேனே, அந்தத் தகடுதான் குழந்தையின் காலுக்குச் சில அங்குலம் கீழே சுழல்கிறது. ஒரு குலுக்கலில் குழந்தை மடியிலிருந்து நழுவலாம். ஒருமுறை வண்டியில் ஏற்றிய குழந்தை, பிறகு வண்டியின் ஓசை கேட்டபோதெல்லாம் தன்னை ஏற்றிக்கொள்வார்கள் என்று ஓடிவரும். பின்னோக்கி வரும் வண்டிக்காரருக்கு அது தெரியாது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் இதுபற்றித் தெளிவாக அறிவுறுத்தியிருக்கிறது. தள்ளும் பொறியைக் கையாளக் குறைந்தது 12 வயது வேண்டும். அமர்ந்து ஓட்ட 16 வயது. வண்டியில் ஓட்டுபவரைத் தவிர வேறு எவரும் ஏறலாகாது. புல் வெட்டும்போது ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டுக்குள் இருக்கவேண்டும். தகட்டில் அகப்பட்ட கூழாங்கல் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும் ஆதலால் தொலைவில் நிற்பதும் காவல் ஆகாது. அங்கே பெற்றோர் இவ்விதிகளை அறியாதவர் அல்லர். ஆனால் தம் தந்தை தம்மை மடியில் வைத்து ஓட்டிய நினைவு அவர்களுக்கு இனிக்கிறது.

இவற்றை மருமகனிடம் நான் உபதேசமாகச் சொல்லவில்லை. மாமனார் சொல்லும் உபதேசத்துக்கு எந்த நாட்டிலும் மதிப்புக் குறைவு. கழகத்தின் அறிவுரையை அவரே படிக்கும்படி எடுத்து வைத்தேன். மறுநாள் காலை அவரே, "தள்ளும் வண்டியே போதும், மாமா" என்றார். தள்ளும் பொறிகளில் ஒரு காவல் உண்டு. அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் சட்டவிதிப்படி, கைப்பிடியிலுள்ள தண்டை விட்டுவிட்டால் மூன்று விநாடிக்குள் தகடு நின்றுவிடவேண்டும். கடையில் ஒரு பொறியை ஓட்டிக்காட்டச் சொல்லிக் கடிகாரம் பார்த்தோம், நின்றது.

பெட்ரோலா, மின்கலமா என்பது எஞ்சியது. பெட்ரோல் பொறிக்கு ஈரமான தடித்த புல்லையும் வெட்டும் வலிமை உண்டு; இடையில் நிற்கவேண்டியதில்லை. ஆனால் நவம்பர் முதல் மார்ச்சு வரை பொறி சும்மா கிடக்கும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்து வசந்தத்தில் பொறி கிளம்ப மறுக்கும். ஓசையும் புகையும் வேறு. கலிபோர்னியா மாநிலம் இத்தகைய சிறு எஞ்சின்களின் புதிய விற்பனையை முடிவுக்குக் கொண்டுவர 2021-இலேயே சட்டம் இயற்றியது. மின்கலப் பொறியில் இத்தொல்லைகள் இல்லை. ஆனால் மின்னேற்றம் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் தீரும். அதன் பெட்டியில் 56 வோல்ட்டு, 7.5 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தது. பெருக்கினால் 420 வாட்-மணி. நம் மின்கட்டணச் சீட்டில் அரை யூனிட்டுக்கும் குறைவு! இவ்வளவு சிறிய ஆற்றலில் அவ்வளவு பெரிய முற்றமா என்று எனக்கு முதலில் ஐயமே.

21 அங்குலப் பொறிக்கு 28,000 சதுர அடி 76 நிமிட வேலை. ஒரே மின்னேற்றத்தில் முடியாது. ஆனால் ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று எவர் சொன்னார்? முன்முற்றத்துக்கு 27 நிமிடம். அது வெள்ளிக்கிழமை மாலைக்கு. பின்முற்றத்துக்கு 49 நிமிடம். அது சனிக்கிழமை காலைக்கு. இரவு மின்கலம் நிறைந்துவிடும். சக்கரமும் மின்விசையால் தானே உருளும் வகை ஆகையால் தள்ளுகிறவர் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். வாயிலில் பொறி இருபுறமும் இடம்விட்டு நுழைந்தது. வெட்டிய புல்லை அள்ளுவதும் இல்லை. அங்கேயே பொடியாகி விழுந்து மட்கி, உரத் தேவையில் ஒரு பகுதியைத் தீர்த்துவிடுகிறது. மே மாதத்தில் இரண்டு வாரம் விடாமழை பெய்து புல் முழங்காலை எட்டப் பார்த்தபோது மின்கலம் பாதி வேலையில் ஓய்ந்துபோனது உண்மை. அப்போது உயரத்தைக் கூட்டி வைத்து ஒருமுறையும், இரண்டு நாள் கழித்துக் குறைத்து வைத்து ஒருமுறையுமாக வெட்டினார். பேத்தி ஜன்னலுக்குள்ளிருந்து கையசைப்பாள். வண்டி வராத வருத்தம் அவளுக்கு ஒரு மாதத்துக்குமேல் இருந்தது; பிறகு சரிவில் நட்ட செடிகளுக்கு நீர் ஊற்றும் வேலையை அவளுக்கென்று ஒதுக்கினோம்.

ஏறத்தாழ 25 மணி நேர உழைப்புக்கு ஒருமுறை தகட்டைத் தீட்டவேண்டும். வாரத்துக்கு 76 நிமிடமாயின் அது இருபதாவது வாரத்தில் வரும். செப்டம்பரில் நான் ஊர் திரும்புமுன் வந்தது. மழுங்கிய தகடு புல்லை வெட்டாது, கிழிக்கும். புல்வெளியின் மேற்பரப்பு வைக்கோல் நிறம் கொள்வதே அதன் அடையாளம். முதலில் மின்கலத்தைக் கழற்றி அப்பால் வைத்தோம். பெட்ரோல் பொறியாயின் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றவேண்டும். தகட்டை எடுத்துப் பட்டறையில் பிடித்து, பழைய சாய்வு மாறாமல் இரு முனைகளையும் அரத்தால் அராவினோம். இரு பக்கமும் சம எடையாக இல்லாவிட்டால் பொறி அதிரும், அச்சு தேயும். அதைச் சோதிக்கத் தராசு வேண்டியதில்லை. சுவரில் ஓர் ஆணி அடித்துத் தகட்டின் நடுத்துளையை அதில் மாட்டினால் கனமான பக்கம் தாழும். தாழ்ந்த பக்கத்தை இன்னும் சிறிது அராவி மீண்டும் மாட்டவேண்டும். இரண்டு முறை இடப்பக்கம் தாழ்ந்தது. மூன்றாம் முறை தகடு கிடையாக, அசையாமல் நின்றது. அதைப் பொறியில் பூட்டினோம்.